எருக்கங்குச்சியும் வெள்ளை மண்ணும்

புதுச் சூளைக்கு முதல் நெருப்பை நான்தான் வைப்பேன் என்பதில் எங்கள் பட்டறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்குத் துளியும் இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை சுடும் வேலையில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். பழைய சூளையை ஒரு நாள்கூட வேறு கை பற்ற வைத்ததில்லை. அந்தத் திமிரில்தான் டீ நேரத்தில் வாயை விட்டேன்.

"நெருப்போட பொழைக்கிறவளுக்குத் தீப்பெட்டி எதுக்கு? கட்டையக் கடைஞ்சே பத்த வைப்பேன், பாருங்க."

அச்சு வார்க்கும் அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை பூசைக்குள்ள நெருப்பு வரலன்னா, புதுச் சூளைய நான் பத்த வைக்கிறேன்."

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "சரிங்க" என்றேன். அவருக்கும் அந்த ஆசை ரொம்ப நாளாக உண்டு.

போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். தண்டவாள ஓரத்தில் காய்ந்து நின்ற எருக்கங்குச்சி, உலர்ந்த முருங்கைக் கட்டை. கட்டையில் ஒரு குழி, குழியின் ஓரத்தில் ஒரு வெட்டு. குச்சியைக் குழியில் நிறுத்தி, இரு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டிக்கொண்டே கீழே அழுத்த வேண்டும். தேய்ந்து விழும் கரித்தூளில் கங்கு பிடிக்கும். அவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை வாசலில் உட்கார்ந்து உருட்டினேன். கை கொப்பளித்ததுதான் மிச்சம். புகைகூட வரவில்லை. கை வேர்த்தால் பீங்கான் மண் தூளில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு மறுபடி உருட்டுவேன். அது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கரியாக வேண்டிய குழி மொசைக் தரை மாதிரி பளபளத்தது. "அடுப்புல வெச்சா எரியிற கட்ட, ஒங்கையில எரிய மாட்டேங்குதே" என்று என் வூட்டுக்காரர் சிரித்தார். நான் அசரவில்லை. கட்டையைத்தான் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை வாழைப்பழம், தேங்காய், கற்பூரம் எல்லாம் சூளைக்கு முன்னால் வைத்தாகிவிட்டது. நான் வாசலில் கடைசி முறையாக உட்கார்ந்து, வழக்கம்போலத் தூளில் கையைத் தட்டினேன். எதிரே நின்ற அக்கா என் கையைப் பார்த்தார்.

"கையக் கழுவிட்டு வாங்க. மண்ணு குச்சி வழியா குழிக்குள்ள எறங்குது. வழவழன்னு ஆயிட்டா எங்கேருந்து சூடு ஏறும்?"

கழுவித் துடைத்தேன். வேறு குழி வெட்டி, புதுக் குச்சி எடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் புகை வந்தது. வெட்டில் விழுந்த கரித்தூள் சிவந்தது. அதைத் தேங்காய் நாரில் ஏந்தி ஊதினேன், பிடித்துக்கொண்டது. அதில் திரியைப் பற்ற வைத்து, சொன்னபடி புதுச் சூளைக்கு நெருப்பு வைத்தேன். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

பூசை முடிந்து பழம் கொடுக்கும்போது அக்காவிடம் கேட்டேன். "கையில மண்ணு இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுதாங்க?"

"மொத நாளே தெரியும்" என்றார் அவர். "நீங்க தோக்கட்டும்னுதான் சும்மா இருந்தேன். இன்னிக்கு மனசு கேக்கல."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கடைசி வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன்.