செல்வியின் செம்மறிகள்

ஆபீஸ் வாசலில் இன்று மிஷின் வைத்துப் புல் வெட்டினார்கள். அந்தப் பச்சை வாசனையில் எனக்குக் கீழப்பழுவூர் ஏரி நினைவுக்கு வந்தது.

சிறுவயதில் நான் எங்கள் பசுவையும், என் தோழி செல்வி அவள் வீட்டுச் செம்மறிகளையும் ஏரிக்கரையில் ஒன்றாகத்தான் மேய்ப்போம். செம்மறிகள் புல்லைத் தரையோடு கடித்துவிடும். பசுவுக்கோ நாக்கைச் சுழற்றிப் பிடிக்கப் புல் ஒரு சாணாவது நீண்டிருக்க வேண்டும். பால் குறைந்ததும் அம்மா சொன்னாள்: "நாளையிலேருந்து மாட்ட அக்கரைக்கு ஓட்டிட்டுப் போ. அந்தப் புள்ளகூடப் போனா பட்டினியாத்தான் திரும்பும்."

அக்கரையில் புல் முழங்கால் உயரம் நின்றது. பசுவின் வயிறு நிறைந்தது. எனக்குத்தான் பேச ஆளில்லை. தண்ணீருக்கு அப்பால் தெரிந்த செல்வியைப் பார்த்துத் தினமும் கையசைப்பேன், அவளும் அசைப்பாள். ஒருநாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா சொன்னது அவள் காதுக்கு எட்டியிருக்க வேண்டும்.

கோபமா என்று நான் போய்க் கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால், அவள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்றுகூடத் தெரியாது.