எதிரணிப் பக்கம் போய் நின்ற மஞ்சு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூர் போகிற வழியில் ஒரு கல்லூரி மைதானம். பெண்கள் ரக்பி லீக் ஃபைனல். ஓசூர் கிளப்புக்கும் பெங்களூர் கிளப்புக்கும் ஆட்டம். கிரவுண்டுக்கு நடுவே ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள். அசையவே இல்லை.

அவள் என் வீட்டு மாடியில் குடியிருக்கிற மஞ்சுளா.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது... முதலில் விரல் அசைந்தது. பிறகு முழங்கை. மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

அப்படிக் கைதட்டியிருக்கவே கூடாது.

மஞ்சுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தெலுங்கு, சிப்காட் கம்பெனியில் தமிழ், கிரவுண்டில் கன்னடம் – மூன்றிலும் தடங்கல் இல்லாமல் சண்டை போடுவாள். வண்டி பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள்.

ரக்பி லீக் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். “கபடியில பந்தைக் குடுத்து ஓட விட்டா எப்படி இருக்கும்? அதாங்க்கா” என்றாள்.

அணிக்குப் பதிமூன்று பேர். முட்டை வடிவப் பந்து. பந்தோடு முன்னால் ஓடலாம். ஆனால் கையால் தூக்கிக் கொடுப்பதென்றால் பின்னால் வருபவருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆறு தடவை பிடித்துச் சாய்த்துவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை வைத்தால் பாயிண்ட். மஞ்சு நிற்கிற இடத்துக்கு ஃபுல்பேக் என்று பெயர். எல்லோருக்கும் பின்னால், தன்னந்தனியாக. அவளையும் தாண்டிவிட்டால் அப்புறம் வெறும் கோடுதான்.

இந்த ஒரு வருடமாக மஞ்சு ஆடினாள் என்றால், நானும் கூடவே மூச்சு வாங்கினேன். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக மேட்சுக்குப் போவாள். எங்கள் ஓசூர் கிளப் பெங்களூரிலும் மைசூரிலும் ஆடித் தோற்கும். பிறகு மெல்ல ஜெயிக்கத் தொடங்கியது. திங்கட்கிழமை காலையில் நொண்டிக்கொண்டே மாடிப்படி இறங்குவாள். “என்னாச்சு மஞ்சு?” என்றால் ஒரே பதில் – “ஒண்ணுமில்லக்கா.”

நடு வருஷத்தில் இந்திய அணிக் கேம்ப்புக்கு அழைப்பு வந்தது. வெளிநாட்டு அணி ஒன்று இங்கே வந்து ஆடியது. நம்மவர்களைப் புரட்டி எடுத்துவிட்டார்கள். அதிலும் அவர்களுடைய முன்வரிசையில் ஒரு ஃபார்வர்ட் – லாரி கிளம்பி வருகிற மாதிரி வருவாள். அவளைத் திரும்பத் திரும்பச் சாய்த்தது மஞ்சு மட்டும்தான். தோற்ற மேட்சிலும் பெயர் வாங்கினாள். அவர்கள் நாட்டில் நடக்கும் அடுத்த மேட்சுக்கு ஃபுல்பேக் அவள்தான் என்று முடிவாகிவிட்டது.

மாற்று ஆள் ஒருத்தி உண்டு. பெங்களூர் கிளப்பின் சைத்ரா. அவளும் ஃபுல்பேக். கேம்ப்பில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நல்ல சிநேகிதம்தான்... ஆனால் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் நிற்கிறபோது சிநேகிதம் எவ்வளவு தூரம் போகும்?

இப்போது கிரவுண்டுக்கு வருவோம். வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் கடைசி கிளப் மேட்ச் அது. அன்று சைத்ரா பந்தோடு எல்லோரையும் தாண்டி ஓடி வந்தாள். எதிரே மஞ்சு மட்டும். பாய்ந்து காலைப் பிடித்தாள். சைத்ரா விழுந்தாள். ஆனால் விழும்போது அவள் முழங்கால் மஞ்சுவின் நெற்றிப்பொட்டில் இறங்கிவிட்டது. வேண்டுமென்று செய்ததில்லை. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டிருக்கவே வேண்டாம்.

எழுந்த மஞ்சு, ஓடி வந்த பிசியோவிடம் கட்டை விரலைக் காட்டினாள். தோள் உருட்டினாள். “ஐயாம் ஓகே” என்றாள். அவர் முகத்தில் திருப்தியில்லை. ஆனாலும் ஆட்டம் தொடங்கிவிட்டது.

மஞ்சு தன் இடத்துக்கு நடந்தாள். ஆனால் எங்கள் பக்கத்துக்கு இல்லை. எதிர்ப்பக்கம்! பெங்களூர்ப் பெண்களின் வரிசையைத் தாண்டி, அவர்களுக்கெல்லாம் பின்னால் போய், சைத்ராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். நின்று, சைத்ராவைப் பார்த்து அதட்டினாள்.

“நீ எதுக்குடி எங்க சைடுல நிக்கிற?”

யாரோ சிரித்தார்கள். சைத்ரா சிரிக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ரெஃப்ரியைப் பார்த்து ஓடினாள். “நிலிசி, நிலிசி! அவளிகே கொத்தாக்தில்லா!” – நிறுத்துங்கள், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கத்தினாள்.

ஆட்டம் நின்றது. அவ்வளவுதான், எங்கள் பெண்கள் கொதித்துவிட்டார்கள். “ஏய், அவ பிளேஸுக்கு நீ போவணும்னு டிராமா போடுறியா?” என்று சைத்ராவைச் சூழ்ந்துகொண்டார்கள். சைத்ரா மஞ்சுவின் பக்கமே கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். 

எங்கள் கோச் – ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர் – மஞ்சுவின் கண்ணைப் பார்த்தார். ஸ்கோரைப் பார்த்தார். சமமாக இருந்தது. அவர் தடுமாறியது அப்பட்டமாகத் தெரிந்தது.

“கொஞ்சம் தலை சுத்துச்சு சார், அவ்ளோதான். இப்ப போய் உக்காந்தா டூர் போயிடும் சார்...” மஞ்சு சுற்றிலும் பார்த்தாள். எல்லைக் கோட்டுக்கு வெளியே நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். “அக்கா! நீங்க சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமில்லன்னு சார்கிட்ட சொல்லுங்கக்கா!”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். 

நான் டாக்டரா, விளையாட்டு வீராங்கனையா? வாடகை வாங்குகிற வீட்டுக்காரி. ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்ணின் ஒரு வருடம் போகும். சொல்லாவிட்டால்...?

“மஞ்சு, காலையில நாம இங்க எப்படி வந்தோம்?”

“பஸ்ல.” யோசிக்காமல் சொன்னாள்.

என் காரில், என் பக்கத்து சீட்டில், பூண்டு ஊறுகாயோடு சப்பாத்தி தின்றுகொண்டே வந்தவள்.

“ஆட விடாதீங்க சார்” என்றேன். 

மஞ்சு என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். காத்திருக்க வேண்டாம், உடனே ஸ்கேன் எடுங்கள் என்றார் பிசியோ. என் காரின் முன் சீட்டில் மஞ்சுவை உட்கார வைத்தோம். பின்னால், ஆட்டம் பார்க்க வந்திருந்த காயத்ரி – அவளோடு அதே கம்பெனியில் வேலை பார்ப்பவள். கிரவுண்டு கேட்டைத் தாண்டும்போது விசில் சத்தம் கேட்டது. ஆட்டம் தொடர்ந்தது.

“ஆஸ்பத்திரி எதுக்கு? ஊட்டுக்குப் போங்க” என்று ஒரு தரம் சொன்னாள்.  ஹைவேயில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் கன்டெய்னர் லாரி, பக்கத்தில் கன்டெய்னர் லாரி. ஞாயிறு சாயங்காலம் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“அக்கா... யார் ஜெயிச்சா?”

“இன்னும் முடியலம்மா.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். “அக்கா... யார் ஜெயிச்சா?”

மறுபடியும் அதே பதில். மறுபடியும் அதே கேள்வி. பிறகு கேள்வி நின்றது. திடீரென்று முன்னால் குனிந்து வாந்தி எடுத்தாள். தலை சாய்ந்தது.

“தூங்க விடாத காயத்ரி! பேச்சுக் குடு!” நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. காயத்ரி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, தமிழும் கன்னடமும் கலந்து கெஞ்சினாள். ஒரு லாரி டிரைவர் குதித்து இறங்கி வந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார். முன்னால் ஓடி ஓடி, வண்டிகளைத் தட்டித் தட்டி ஒதுக்கி, சர்வீஸ் ரோட்டுக்கு எங்களைத் திருப்பிவிட்டார். நன்றி சொல்லக்கூட நேரமில்லை. அங்கிருந்து பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரி இருந்தது.

ஸ்கேன் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண். “மூளையை ஒட்டி லேசா ரத்தக்கசிவு இருக்கு. ஐசியூல வெச்சுப் பார்க்கணும். அதிகமாகலைன்னா ஆபரேஷன் வேண்டியிருக்காது” என்றார்.

“டாக்டர், இவ தொடர்ந்து ஆடி, இன்னொரு அடி பட்டிருந்தா?”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு ஐசியூவுக்குள் போய்விட்டார்.

வேப்பனப்பள்ளியிலிருந்து மஞ்சுவின் அப்பா வந்து சேர்ந்தார். மாமரத்துக்கு மருந்தடித்த சட்டையோடு அப்படியே வந்திருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, “பிராணம் உண்டே சாலு” என்றார். உயிர் இருந்தால் போதும். 

கசிவு அதிகமாகவில்லை. மஞ்சு பிழைத்துக்கொண்டாள். ஆனால், பல மாதங்களுக்கு ஆட்டம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்திய அணியில் அவள் இடம் சைத்ராவுக்குப் போனது. ஃபைனலிலும் பெங்களூர்தான் ஜெயித்திருந்தது. கோப்பையோடு சைத்ரா நிற்கும் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியது.

மாடிக்கு வந்த மஞ்சு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வாள். கதவைச் சாத்திக்கொள்வாள். அவ்வளவுதான்.

நமக்கெல்லாம் இந்த ‘ஒண்ணுமில்ல’ என்ற வார்த்தை எப்படி இவ்வளவு பழகிப்போனது? காய்ச்சலோடு ஷிஃப்டுக்குப் போகிறோம், நெஞ்சு வலித்தால் சோடா குடிக்கிறோம். விழுந்தவர் எழுந்தால் கைதட்டுகிறோம். உட்கார் என்று சொல்பவர் வில்லியாகிவிடுகிறார்!

ஒருநாள் மாடியில் போன் பேசும் சத்தம் கேட்டது. மஞ்சுவின் அப்பா, மகளைப் பார்க்க வந்தவர், தெரிந்த கன்னடத்தில் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பேசியது சைத்ராவோடு. நம்பரைக் காயத்ரியிடம் வாங்கியிருக்கிறார். மஞ்சு கத்தினாள் – “அவகிட்ட எதுக்குப்பா பேசுற?” அவர் நிதானமாக, “நீயே பேசு” என்று போனை அவள் மடியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டார். என்னிடம் காபி கேட்டார்.

நாங்கள் இருவரும் காபி ஆறும்வரை மேலே காது கொடுத்து உட்கார்ந்திருந்தோம்.  முதலில் கன்னடத்தில் சண்டை. அழுகை. மறுபடி சண்டை. கடைசியில் குரல் இறங்கி, யாரையோ எப்படிச் சாய்ப்பது என்று விளக்குகிற தொனியில் ரொம்ப நேரம் பேச்சு ஓடியது.

அந்த வெளிநாட்டு மேட்சைப் போனில் காட்டினார்கள். காயத்ரியும் நானும் என் வீட்டு ஹாலில் பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சு படியிறங்கி வந்து வாசலில் நின்றாள். உட்காரச் சொல்ல எனக்குப் பயம். தானாகவே வந்து சோபா முனையில் உட்கார்ந்தாள்.

கடைசி நிமிடங்கள். லாரி மாதிரி வருகிற அந்த ஃபார்வர்ட் பந்தோடு கிளம்பிவிட்டாள். எதிரே சைத்ரா மட்டும்.

“மார்ல மோதாத... கீழ போ... கீழ போடீ!” மஞ்சு சோபாவிலிருந்து எழுந்துவிட்டாள்.

சைத்ரா கீழே போனாள். தலையை ஒரு பக்கமாக ஒதுக்கி, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினாள். அவ்வளவு பெரிய உருவம் கோட்டுக்கு முன்னாலேயே சரிந்தது. காயத்ரி என்னைக் கட்டிக்கொண்டு கத்தினாள். மஞ்சு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எதற்கென்று கேட்கவில்லை. சந்தோஷமாகவும் இருக்கலாம், வயிற்றெரிச்சலாகவும் இருக்கலாம். இரண்டுமே நியாயம்தான்.

ஆட்டத்தில் தோற்றோம். ஆனால், இந்த முறை ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில்.

“அடுத்த வருஷம் அவளை உக்கார வெச்சிட்டு நான் போவேன்” என்றாள் மஞ்சு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அவகிட்டயும் சொல்லிட்டேன். ‘வாடி, பாத்துக்கலாம்’னு சொன்னா.”

என்னை மன்னித்துவிட்டாளா? தெரியவில்லை. அடுத்த ஸ்கேனுக்கு என் காரில்தான் வருகிறாளாம்... வழியில் நான் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது என்ற ஒரே கண்டிஷனோடு!