தொக்சு அண்ணனின் வலது கால்

ஒரு கையில் இஸ்திரிப்பெட்டி, மறு கையில் எவனோ ஒரு மாப்பிள்ளையின் சட்டைக் கழுத்து. வாய் மட்டும் போர்க்களத்தில். "வடக்கு வாசல்ல நாலு பீரங்கி வந்து நிக்குது. இவன் இன்னும் தூங்கிட்டிருக்கான். எழுப்பாதீங்கப்பா, பாவம், அசந்து தூங்குறான்" என்று ஒலிவாங்கியிடம் சொல்கிறார் பியோ தொக்சு. ஒலிவாங்கி தொங்குவது சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரில். கணினித் திரைக்கு, கோட்டுகளுக்குப் போடும் அதே பிளாஸ்டிக் உறை. ஆவி படக்கூடாதாம்.

புச்சொன் நகரில் கல்யாண மண்டபத்துக்கு எதிரே அவருடைய சலவைக்கடை. ஞாயிறு மதியம் இரண்டு மணி அடித்தால் அது மைதானமாகிவிடும். இருபத்தைந்து வருஷப் பழைய போர் விளையாட்டு ஒன்றில், பதினாறு பேர் அவரவர் ஊரில் இருந்தபடியே இணையத்தில் மோதுவார்கள். ஜெயிப்பவருக்கு ஒரு முழுப் பொரித்த கோழி. கூப்பன் கைப்பேசிக்குப் போய்விடும். பட்டியல் போடுபவர், நடுவர், வர்ணனையாளர், கோழி வாங்கித் தருபவர் எல்லாம் ஒரே ஆள். இந்த ஞாயிறோடு நூற்றெண்பத்தேழு வாரம். ஒன்றுகூடத் தவறியதில்லை. சளிக்காய்ச்சல் வந்த வாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறுதிப் போட்டியை முடித்தார். தோற்றவனுக்காக அழுகிறார் என்று நினைத்து நாற்பது பேர் ஆறுதல் எழுதினார்கள்.

நடுநிலை என்பதில் அவருக்கு ஒரு கர்வம். இரண்டு நிமிடம் தாமதமாக வந்தான் என்று சொந்த மச்சானையே நீக்கிவிட்டு, அன்று ராத்திரி அவன் வீட்டு விருந்தில் கூச்சமே இல்லாமல் சாப்பிட்டவர். வாயிலிருந்து ஒரு ரகசியம் நழுவாது. கால்தான் ஓட்டை. இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு மிதி உண்டு; அழுத்தினால் ஆவி சீறும். களத்தில் எதுவோ நடக்கப்போகிறது என்று தெரிந்ததும், நாக்கு அடங்கியிருக்கும்போதே வலது கால் மிதியை அமுக்கிவிடும். புஸ்ஸ். பார்ப்பவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். ஆடுபவர்கள் வர்ணனையைக் கேட்கக்கூடாது என்று விதி. அவரே கொட்டை எழுத்தில் எழுதியது. அதனால் எல்லோரும் ஒரு காதில் மட்டும் கேட்பார்கள்.

அன்றைக்குப் பதினைந்து பேர்தான் இருந்தார்கள். கடைசி நேரத்தில் ஒருத்தர் மகளுக்குப் பல்வலி என்று விலகிவிட்டார். பதினாறு சேராவிட்டால் போட்டி ரத்து. இரண்டு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது, மூன்றடி தள்ளிக் கால்சட்டைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்த மனைவி மிரான் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"நான் ஆடுறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"மூணரை வருஷமா என் காதுல ஊத்துறீங்களே, வேற என்ன தெரியும் எனக்கு?"

கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள். நாற்பது நிமிடம் தாண்டினால் ஆட்டம் சமன் என்பது அவர் எழுதிய விதி. அதுவரை அவள் தோற்காமல் இருந்துவிட்டால், அடுத்த ஞாயிறு போட்டி கிடையாது. இருவரும் சொக்சோவுக்குப் போய்க் கடல் பார்க்க வேண்டும். தோற்றால், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஆயுசுக்கும் வாய் திறக்க மாட்டாள். புது ஆள் ஏழு நிமிடம் தாங்கினாலே அதிசயம். தொக்சு சிரித்துக்கொண்டே சரி என்றார். தன் வர்ணனை அவளுக்கு உதவிவிடக் கூடாது என்று, யாரோ துவைக்கப் போட்டு வாங்காமல் விட்ட, காதை மூடும் சிவப்பு முயல் காதுக் குளிர்க்குல்லாவை, பில் போடும் கணினி முன் உட்கார்ந்த அவள் தலையில் மாட்டியும் விட்டார். நடுநிலையாம்.

எதிராளி தேகு நகரத்து பஸ் ஓட்டுநர் கூ யொங்பெ. களத்தில் அவர் பெயர் 'கடைசி பஸ்'. ஒன்பதாவது நிமிடத்தில் மிரானின் படை தீர்ந்தது, பதினான்கில் கோட்டை எரிந்தது. தோற்பவர் 'ஜிஜி' என்று தட்டிவிட்டு வெளியேறுவது இவர்களுடைய மரியாதை. நல்ல ஆட்டம் என்று அர்த்தம்.

"அண்ணி, ஜிஜி போட்டுடுங்க அண்ணி" என்று பவ்யமாக எழுதினார் கூ.

"நல்லாவே இல்லையே தம்பி. எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று ஒற்றை விரலால் தட்டினாள் மிரான்.

கடைசிக் கட்டடம் இடியும்வரை ஆட்டம் முடியாது. அவளுக்கு ஒன்று மிச்சம் இருந்தது. தென்மேற்கு மூலையில், காட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கிடங்கு. கோட்டை எரியும்போதே அங்கே போய்க் கட்டியிருக்கிறாள். அந்த மூலையை எவனும் பார்ப்பதில்லை என்று வாராவாரம் புலம்பியவர் தொக்சுதான். வழக்கமாக அறுபது பேர் பார்க்கும் ஒளிபரப்பை இப்போது நானூறு பேர் பார்த்தார்கள். கூ வரைபடம் முழுக்க வீடு வீடாகத் தேடினார். "பஸ் எல்லா நிறுத்தத்துலயும் நின்னு போகுது" என்று எவனோ எழுதினான்.

முப்பத்தெட்டாவது நிமிடம், கூவின் உளவு விமானம் தென்மேற்கே திரும்பிக் காட்டின் விளிம்புக்கு வந்துவிட்டது. கிடங்குக்கும் அதற்கும் நடுவே நாலு மரம்.

தொக்சுவின் வலது கால் மிதிக்குப் போனது.

ஒரு புஸ் போதும். நூற்றெண்பத்தெட்டாவது ஞாயிறும் பத்திரம். அவர் மனைவியைப் பார்த்தார். ஊசியில் நூல் கோர்க்கும்போது வைத்துக்கொள்வாளே, அதே மாதிரி நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. முயல் காதில் ஒன்று கண்ணை மறைத்துத் தொங்கியது. அதைத் தள்ளிவிடக்கூட அவளுக்கு நேரமில்லை.

"அண்ணே, இந்தப் பக்கம் ஆவியே காணோம். ஒண்ணுமில்லையா?" என்று திரையில் எழுதினார் கூ.

"பாய்லர்ல கோளாறு. நீ முதல்ல வர்ணனை கேக்குறத நிறுத்து" என்றார் தொக்சு.

விமானம் ஒரு வட்டம் அடித்துக் கிழக்கே திரும்பியது.

மிச்சமிருந்த ஒன்றரை நிமிடமும் அவர் எதிராளியின் பொறுமையைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார், குரலில் துளி மாற்றமில்லாமல். மேசைக்கு அடியில் மிதியின்மேல் செருப்பு மட்டும் கிடந்தது. வலது காலை முழங்காலோடு மடக்கி இடது கையால் இறுகப் பிடித்தபடி நின்றிருந்தார்.