சிமெண்டுத் தரையில் தேய்த்த க்ரிப்

கையை எத்தனை முறை கழுவினாலும் போகாத ஒரு வாசனை உண்டு. தண்ணீர் பைப்பில் ஒழுகல் அடைக்கிற புட்டி... இரண்டு உருண்டையாக வரும். சேர்த்துப் பிசைந்தால் விரலெல்லாம் மருந்துக்கடை மாதிரி மணக்கும்.

நேற்று பிளம்பர் வந்து எங்கள் சிங்க்குக்கு அடியில் அதைப் பிசைந்தார். எனக்குத் தொண்ணூறுகளின் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாட வீதி வளையல் கடையில் என் சைஸ் ரெண்டு-பத்து. கடைக்காரர் ஸ்டூல் போட்டு மேல் தட்டிலிருந்துதான் எடுப்பார். கூட வரும் நஸ்ரீனுக்கு ரெண்டு-நாலு, எப்போதும் முன்வரிசையில் இருக்கும். என் வளையலை வாங்கிப் பார்த்து, "இதுக்குள்ள என் ரெண்டு கையும் போவும்டி" என்பாள்.

நஸ்ரீன் ராயப்பேட்டைப் பெண். அவள் அத்தாவுக்கு கார் சீட் கவர் தைக்கிற கடை. நான் மயிலாப்பூர். இருவருக்கும் அடையாறில் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு, ஒரே ஷூட்டிங் கிளப்.

கிளப்பில் பிஸ்டல் சுடும் பெண்கள் நாங்கள் இருவர்தான். எங்களுக்கு இருந்ததும் ஒரே ஒரு ஏர் பிஸ்டல். அதன் மர க்ரிப், அதாவது கைப்பிடி, அவள் கைக்கென்றே செதுக்கியது போல இருக்கும். என் கையிலோ நனைந்த சோப்பு மாதிரி வழுக்கும். கர்ச்சீப் சுற்றினேன், சைக்கிள் ட்யூப் சுற்றினேன்... பெல்லட் குண்டு என்னவோ இலக்குக் கார்டின் இடது ஓரத்தையே தேடிப் போனது.

அந்த வருஷம் காலேஜ் டீமில் பெண்கள் பிஸ்டலுக்கு ஒரே இடம். சனிக்கிழமை செலக்‌ஷன்.

முந்தைய ஞாயிறு, ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி க்ரிப்பை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். புட்டியைப் பிசைந்து சுற்றிலும் அப்பி, காயும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சமையல் மேடையில இதை வச்சுண்டு என்னடி பண்றே?" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

என் ஐந்து விரலும் அதில் அச்சாகப் பதிந்தன. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொருள் என் கைக்குப் பொருந்தியிருந்தது... அந்த சந்தோஷத்தில் நஸ்ரீனை மறந்தே போனேன்.

திங்கட்கிழமை அவள் பிஸ்டலை எடுத்தாள். ட்ரிகர் வரை விரல் போகவில்லை.

"எட்டலடி" என்றாள். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை. "சரி, நீ சுடு. நான் பாக்கறேன்."

நான் சுட்டேன். முதல் ஐந்து பெல்லட்டும் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. அப்போதே நிறுத்தி, புட்டியைப் பெயர்த்திருக்க வேண்டும். நிறுத்தவில்லை. திங்கள், செவ்வாய், புதன்... மூன்று நாளும் அவள் பக்கத்தில் நின்று எனக்குக் கார்டு மாற்றினாள். எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை அவளே க்ரிப்பைக் கழற்றி எடுத்துப்போனாள். வெள்ளிக்கிழமை கொண்டுவந்தபோது புட்டியை இரண்டு பாதியாக, அழகாக அறுத்துப் பிரித்திருந்தாள். உள்ளே அத்தா கடையின் மெரூன் ரெக்சின் ஒட்டியிருந்தாள். இரண்டு பாதியையும் க்ரிப்போடு சேர்த்துப் பிடிக்க, வளையமாக வெட்டிய சைக்கிள் ட்யூப்.

"இப்ப கழட்டி மாட்டிக்கலாம். எனக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு."

அந்த வாரம் அவளுக்குக் கிடைத்த ப்ராக்டிஸ் அந்த ஒரு சாயங்காலம் மட்டும்.

சனிக்கிழமை அவள் முதலில், வெறும் க்ரிப்போடு சுட்டாள். நாற்பது பெல்லட், முந்நூற்று நாற்பத்தொன்பது. அடுத்து நான் புட்டியை மாட்டிக்கொண்டு செக்கிங் மேஜைக்குப் போனேன். அங்கே ஒரு மரப்பெட்டி இருக்கும். பிஸ்டலை உள்ளே வைத்தால் மூடி மூட வேண்டும், அதுதான் ரூல்.

மூடவில்லை. இடது பக்கம் ஒரு நெல்லளவு புட்டி துருத்திக்கொண்டிருந்தது.

"இதோட சுட முடியாதும்மா. கழட்டிடுங்க" என்றார் செக் செய்தவர்.

கழற்றினால் நான் முந்நூற்று இருபதைத் தாண்ட மாட்டேன். அது எனக்கும் தெரியும், நஸ்ரீனுக்கும் தெரியும். அவள் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்... டீமில் அந்த இடம் அவளுடையது.

எழுந்து வந்தாள். "அஞ்சு நிமிஷம் குடுங்க சார்" என்று இடது பாதியை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். குத்துக்கால் வைத்து உட்கார்ந்து சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்தாள். விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நான் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

"அழுவாத. கை நடுங்கும்."

பெட்டி மூடியது. நான் சுட்டேன். முந்நூற்று ஐம்பது.

ஒரே ஒரு பாயிண்டில் டீமில் இடம் எனக்கு.

கார்டுகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள் நஸ்ரீன். பிறகு சிரித்தாள். "சே, இன்னும் கொஞ்சம் கம்மியா தேச்சிருக்கணும்டி."

நானும் சிரித்தேன். அது போதும் என்று நினைத்துவிட்டேன். ஒரு சாரிகூடச் சொல்லவில்லை. காலேஜ் முடிந்தது, அவளுக்குக் கல்யாணமாகி வெளியூர் போனாள். அவள் அத்தா கடையும் இடம் மாறியது. இரண்டு வருஷம் கழித்து போன் செய்தபோது அது வேறு யார் வீட்டு நம்பராகவோ ஆகிவிட்டிருந்தது. அதன் பிறகு தேடாத இடமில்லை.

இப்போது என் மகள் சுடுகிறாள். என் கைதான் அவளுக்கும். ஆனால் இப்போது க்ரிப், சட்டை மாதிரி ஸ்மால், மீடியம், லார்ஜ் என்றே வருகிறது. பெட்டியைப் பிரித்துப் பிடித்துப் பார்த்து, "கரெக்டா இருக்கும்மா" என்றாள். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

அந்தப் புட்டியின் இரண்டு பாதியும் என் பீரோவில் இருக்கின்றன. நேற்று பிளம்பர் போன பிறகு எடுத்துச் சேர்த்துப் பிடித்தேன். வெளியே என் விரல்கள், இன்னும் அப்படியே பொருந்துகின்றன. உள்ளே காலியாக இருக்கும் இடம் அந்த மர க்ரிப்பின் அளவு, நஸ்ரீன் பிடித்த அளவு.

இடது பக்கம் ஓர் இடம் மட்டும் மழமழவென்று இருக்கிறது. அதை விரலால் தடவிப் பார்த்தேன்.

இன்னும் கொஞ்சம் கம்மியாகத் தேய்த்திருக்கலாம், நஸ்ரீன்.