கரும்பலகையில் பால்கோவா

பால் சுண்டும் வாசம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்தை விட்டு இறங்கும்போதெல்லாம் அது முன்னால் வந்து நிற்கும். பின்னாலேயே, நினைவிலிருந்து, எங்கள் இராஜபாளையத்துப் பிளீச்சிங் நெடி.

எங்களுடையது கண்மாயைக் காக்கும் சிறு சங்கம். பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறைகள் கழிவுநீரைக் கண்மாயில் விடக்கூடாது என்பது கோரிக்கை. அதிகாரியோ எம்.எல்.ஏ.வோ, யாரைப் பார்த்தாலும், போனது யார், கேட்டது என்ன, கையில் கொண்டுபோனது என்ன என்று மறுநாளுக்குள் சங்க அறை வாசல் கரும்பலகையில் எழுதிவிடுவோம். செயலாளர் டீச்சர் கொண்டுவந்த வழக்கம். பேருந்துக்கு நிற்பவர்கள் சினிமா போஸ்டர் பார்ப்பதுபோல நின்று படிப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் டீச்சரும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூரில் எம்.எல்.ஏ.வைப் பார்த்தோம்.

"நீங்க குடுத்துவிட்ட பால்கோவா நல்லாருந்துச்சும்மா," என்றார். நாங்கள் எதுவும் கொடுத்துவிடவில்லை. "உங்க தலைவர் சங்கத்துக்காகக் கேட்டாரேன்னு அந்த ஒரு பட்டறைக்கு மட்டும் கழிவுநீர நிறுத்த ஒரு வருசம் டைம் குடுக்கச் சொல்லிட்டேன்."

அந்தப் பட்டறை தலைவரின் மைத்துனருடையது. திரும்பும் வழியில் ஜன்னலில் வயல், தென்னை, மில் சுவர், மறுபடி வயல். மலை மட்டும் கூடவே வந்தது.

சங்கத்துக்கு அறை கொடுத்திருந்தவரும் தலைவர்தான். நாங்கள் போனபோது அங்கேதான் இருந்தார். டீச்சர் பால்கோவாவைப் பற்றிக் கேட்டார்.

"பெரிய மனுசனப் பாக்கப் போறவன் வெறுங்கைய வீசிக்கிட்டா போவான், டீச்சர்? அம்புட்டுத்தான். அதையும் போர்டுல ஏத்துவியளா?"

"பால்கோவாவும் ஏறும் அண்ணாச்சி. சங்கத்துப் பேரச் சொல்லி மச்சினனுக்குக் கேட்டியளே, அதுவும் ஏறும்."

"எல்லாரும் செய்யுததுதான."

"அந்த எல்லாரையும்தான நாம கொற சொல்லிட்டுத் திரியுதோம்."

"எழுதுனா இந்த ரூமு கெடையாது. பாத்துக்கோங்க."

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். பால்கோவாவில் தொடங்கி, மைத்துனர் பட்டறை, ஒரு வருட அவகாசம் என்று போய், 'சங்கம் இதைக் கேட்கவில்லை' என்று முடித்தார். வகுப்பறைக் கையெழுத்து, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே படிக்கலாம். ஆட்கள் கூடினார்கள்.

"ஏலே, நெய் கூடுதலா இருந்துச்சான்னு போடலியே," என்றது ஒரு குரல். சிரிப்பு. தலைவர் சாவியை எடுத்துவிட்டார்.

எழுத்து அழியாமல் பலகையை ஆளுக்கொரு பக்கம் தூக்கி இறங்கினோம். பின்னால் பூட்டு விழுந்தது. தலைவர் படியில் நின்று கேட்டார்.

"இனி எங்க கொண்டு மாட்டுவிய?"

"எதுத்தாப்புல டீக்கடையிலதான், அண்ணாச்சி. நீங்களும் செத்த நேரம் நின்னு படிக்கலாம். வாரோம்."