சொக்கம்மாள் வாங்க மறுத்த சாவி

உத்திரமேரூரில் ஜெராக்ஸ் கடை வைத்து, வாடகை ஒப்பந்தம் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். எத்தனையோ வீட்டுக்காரர்களைப் பார்த்தாயிற்று. பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளைப் போல என்னைப் பேஜார் பண்ணியவர் ஒருவரும் இல்லை.

புருஷன் போன பிறகு, முன்பக்கம் தான் இருந்துகொண்டு பின்பக்கத்தை வாடகைக்கு விட்டிருந்தார். பதினோரு மாதக் கெடு முடிந்து காலி பண்ணுகிறவன் பாடு திண்டாட்டம். குழாய், சுவிட்சு, ஆணி அடித்த ஓட்டை எல்லாம் பார்ப்பார். வெள்ளையடிக்காமல் சாவியைத் தொடமாட்டார். அந்தம்மா வாயில் விழுந்து எழுந்தவன் கடன் வாங்கியாவது சொந்த வீடு கட்டிவிடுவான் என்று தெருவில் சொல்வார்கள்.

போன வருஷம் டேனியலும் அவன் மனைவி ஷாரோனும் அங்கே குடியிருந்தார்கள். டேனியல் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறவன். சொக்கம்மாளின் ஒரே மகள் இளவரசி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள், தாய்க்கும் பிள்ளைக்கும் தனி அறை வேண்டும், அதனால் கெடு முடிந்ததும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். டேனியலும் மறுபேச்சுப் பேசவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்தான், வெள்ளையடித்தான், சொன்ன தேதியில் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இப்படி ஒரு குடித்தனக்காரன் கிடைக்கத் தவம் செய்ய வேண்டும்.

பீரோவை ஏற்றியாயிற்று. பெயிண்ட் வாடை தாங்காமல் ஷாரோன் ஓடிப்போய்ச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தாள். சொக்கம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்து, எத்தனை மாசம் என்று கேட்டார். மூன்று என்றாள். அவ்வளவுதான், அந்தம்மா போய் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"வாயும் வயிறுமா கீற பொண்ண வூடு மாத்துவாங்களா? எறக்குப்பா பீரோவ."

"எங்களுக்கு அதெல்லாம் இல்லம்மா. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்றான் டேனியல்.

"நீ சர்ச்சுக்குப் போ. வூடு என்னுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெடு முடிந்தால் குடியிருப்பவன் ஒப்படைக்க வேண்டும், வீட்டுக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டும், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அடுப்படிக்குள் நுழைந்த நாயைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"ஒங் காயிதம் புள்ள பெத்துக்கீதா தம்பி?"

பீரோ இறங்கியது. புது வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம்தான் அந்தம்மாவுக்கு உறைத்தது. ஒரே வாசலுக்குள் இரண்டு பிள்ளைத்தாச்சி இருக்கக் கூடாது என்பதும் அவர் சாஸ்திரம்தான். ஷாரோனை அனுப்பக் கூடாது, இளவரசியை அழைக்கவும் கூடாது. என் வீட்டு வாசலில் வந்து நின்று, பெற்ற பெண் அம்மா வீட்டுக்கு வரக் கொடுத்து வைக்கவில்லையே என்று அழுதார். பின்பக்கத்துக்குத் தனியாக ஒரு வாசல் வைத்துவிடுங்கள் என்று யோசனை சொன்னேன். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் சுவரை இடிப்பார்களா என்று என்னையே திட்டினார். அப்படியானால் நீங்களே காலி பண்ணுங்கள், உங்களுக்குத்தான் ஒரு சாஸ்திரமும் குறுக்கே இல்லையே என்று கத்திவிட்டேன்.

ஆத்திரத்தில் சொன்னது. மறுநாள் காலையிலேயே சட்டி பானையோடு என் வீட்டில் காலியாகக் கிடந்த முன்னறைக்கு வந்துவிட்டார். சொந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வந்த வீட்டுக்காரரைப் பார்த்துத் தெருவே சிரித்தது. ஒப்பந்தத்தையும் நானே அடித்தேன், என் தலையெழுத்து.

இளவரசி பிரசவத்துக்கு என் வீட்டு முன்னறைக்கே வந்து சேர்ந்தாள், பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போனார். சொக்கம்மாள் தன் வீட்டுக்குத் திரும்பினார். இரண்டு நாள் அடுப்பே மூட்டவில்லை. என் மனைவி கொடுத்தனுப்பிய சோறு அப்படியே இருந்தது. பாவமாக இருந்தது. அடுத்த மாதம் ஷாரோனுக்குப் பையன் பிறந்தான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது முதல் சாம்பிராணி போடுவது வரை எல்லாம் அந்தம்மாதான்.

பையன் தவழ ஆரம்பித்ததும் டேனியல் மறுபடியும் வீடு பார்த்து, மறுபடியும் வெள்ளையடித்து, என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சாவியை நீட்டினான். சொக்கம்மாள் இடுப்பில் பையனை வைத்துக்கொண்டு கை நீட்டாமல் நின்றார். இப்போது எந்தச் சாஸ்திரம் தடுக்கிறது என்று கேட்டேன்.

"சாஸ்திரம் ஒண்ணும் இல்ல தம்பி. இளவரசி புள்ளயத் தூக்கிக்கினு போனப்போ இந்த வூட்டுல நா எப்டி இருந்தேன்னு பாத்த இல்ல? இன்னொரு தபா என்னால முடியாது."

டேனியல் ஷாரோனைப் பார்த்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நான் கடைக்குப் போய் அடுத்த பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் அடிக்க ஆரம்பித்தேன்.