முன்பக்கம் வைத்த தொட்டிகள்

பன்னிரண்டு வீட்டுத் தொட்டிகளையும் மழைத்தண்ணீர் விழாத பக்கத்தில் வைக்கச் சொன்னது நீங்கள்தான், தலைவரே. வைத்தவன் நான். அதனால் எனக்குத் தெரியும்.

நான் ராசா என்கிற ஊரில் குழாய் வேலை செய்கிறவன். சி ரூசா போகும் வழியில் உள்ளே தள்ளியிருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் மழைநீர்த் தொட்டி பொருத்த உங்கள் நலக்குழு என்னைக் கூப்பிட்டது. அந்தப் பக்கம் வானம் காய்ந்தால் வாரக்கணக்கில் காய்ந்து கிடக்கும். குழாயிலும் பாதி நாள் காற்றுதான் வரும். தொட்டி வருகிறது என்றதும் சனங்களுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

முதல் நாள் கூரைகளைப் பார்த்தேன். பழைய லயத்து வீடுகள். தகரம் மாற்றியபோது ஒரே சரிவாகப் பின்பக்கம் இறக்கிவிட்டிருந்தார்கள். பெய்கிற மழை முழுக்கக் கொல்லையில்தான் கொட்டும். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் கூரைக்கு நேர் கீழே நீல டிரம்கள் நின்றன.

"தலைவரே, டேங்க பின்னாடிதான் வைக்கணும்" என்றேன்.

"பின்னாடி வச்சா டேங்குல எழுதியிருக்க எம்பேரு ரோட்டுலேர்ந்து தெரியாதுலா. முன்னாடி வை. பைப்ப பொறவு பாத்துக்கலாம்."

"முன்னாடி மேடை கட்டி வச்சா டேங்கு வாய் பின்கூரைய விட ஒசரம். தண்ணி எப்படி ஏறும்?"

"நீ என்ன எஞ்சினியரா? சொன்னத செய்யுய்யா."

செய்தேன். அதோடு விட்டீர்களா? திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு டிரம்கூட இருக்கக் கூடாது, பார்க்க அசிங்கம், கொசு வரும் என்றீர்கள். எல்லாவற்றையும் என் லாரியில் ஏற்றி, மம்பாவில் பழைய சாமான் கடையில் இறக்கினேன்.

கடைசி வீட்டு அக்கா செம்பனைக்கு உரம் போடுகிறவர். அவர் கணவர் வாதம் வந்து படுத்த படுக்கை. முதுகில் புண். தினம் இரண்டு வேளை உடம்பைத் துடைத்து, விரிப்பை அலசிப் போட்டால்தான் ஆறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா ஒரு டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும் தம்பி. ஒரு மழை பேஞ்சா மூணு நாளு தாங்கும்."

"புது டேங்கு வருதுக்கா. இந்த ஓட்ட டிரம்மு எதுக்கு?"

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

விழாவன்று தண்ணி லாரி வந்து முதல் வீட்டுத் தொட்டியை மட்டும் நிரப்பியது. வந்த விருந்தாளி குழாயைத் திறந்து கை கழுவினார். போட்டோ எடுத்தார்கள். பிறகு கோயில் மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசினீர்கள். அக்காவும் கை தட்டினார். பைப் போட நீங்கள் கூப்பிடவே இல்லை. இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

குழாயில் தண்ணீர் நின்று பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் மழை பிடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவன், மனசு கேட்காமல் போனேன். அக்கா கொல்லையில் நனைந்துகொண்டு சோற்றுப்பானை, வாளி, குழம்புச்சட்டி எல்லாவற்றையும் கூரைக்குக் கீழே பரப்பிக்கொண்டிருந்தார். முன்பக்கம் போய்த் தொட்டியைத் தட்டினேன். வெறும் சத்தம். கொல்லைக்குத் திரும்பினேன்.

"ஏன் தம்பி, ஒங்க ராசாவுல மழை முன்வாசல் வழியாத்தான் வருமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அரை மணியில் மழை விட்டது. சட்டியில் பிடித்த தண்ணீர் ஒரு நாளைக்குக்கூட வரவில்லை.

அடுத்த மாதம் புண் சீழ் பிடித்து அக்காவின் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் இறங்கியதும், வீட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டிருக்கிறார்.

"டேங்கு இருக்கும்மா. தண்ணி இல்ல" என்றாராம் அக்கா.

முதலில் தண்ணீருக்கு வழி பண்ணுங்கள், அப்புறம் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் சேர்ந்து, அக்கா வீட்டுக் கொல்லையில் தாழ்வாக ஒரு மேடை போட்டு, கூரை விளிம்பில் தண்ணீர் வாங்கும் பீலியை மாட்டி, தொட்டியைத் தூக்கி வைத்தோம். உங்கள் பெயர் இப்போது செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பைப்புக்கு எடுக்காத போன் இப்போது வந்தது. "யாரக் கேட்டு நவுத்துன? பழையபடி முன்னாடி வை" என்றீர்கள்.

வைக்க மாட்டேன். இன்னும் மழை வரவில்லை. அக்காவின் கணவர் இன்னும் வார்டில்தான் கிடக்கிறார். மற்ற பதினொரு தொட்டியும் ரோட்டைப் பார்த்துக் காலியாக நிற்கின்றன.

நலக்குழுவின் அடுத்த கூட்டத்துக்கு நான் வருகிறேன். விழா நடந்த அதே கோயில் மண்டபம், அதே மைக். அக்கா கையிலிருந்து கடைசி டிரம்மைப் பிடுங்கியவன் நான் என்று எல்லார் முன்னாலும் முதலில் நானே சொல்கிறேன். அதன் பிறகு நீங்கள் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்: தண்ணீர் ஏறாது என்று தெரிந்தும் ஏன் முன்பக்கம் வைக்கச் சொன்னீர்கள்? அந்தப் பதினொன்றையும் என்றைக்குப் பின்பக்கம் மாற்றுவீர்கள்?